வாயால் வாழும் உயிர்

நுழையும்முன்

மழையிரவில் ஊர்ப்புறத்தே நாம் கேட்கும் தவளை ஒலி, ஒரே ஒலி அன்று. பல இனங்களின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த ஒலித்திரள் அது. அத்திரளுள் கட்டைவிரல் நகத்தளவே உள்ள ஓர் உயிரின் குரலைப் பிரித்தறிவது எவ்வாறு? அதனைப் பிரித்தறியாமையால் அறிவியலே நெடுங்காலம் பிழைபட்டது எவ்வாறு? அவற்றை எடுத்துரைக்கிறது இவ்வுரைநடை.

மழைக்குப் பின்

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் படவேடு. படைவீடு என்னும் சொல்லே படவேடு எனத் திரிந்தது என்பர். சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய இவ்வூர், 14ஆம் நூற்றாண்டில் விசயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்புக்குப் பின்னர்த் தன் அரசியல் சிறப்பை இழந்தது. இன்று இங்கு வருவோருள் பெரும்பாலோர் ரேணுகாம்பாள் கோயிலை நாடி வருபவர்கள். மலையிலிருந்து இறங்கும் கமண்டல நாகநதி, செண்பகத்தோப்பு அணை, ஏரிகள், அவற்றின் நீரால் விளையும் வாழையும் நெல்லும் என நீரைச் சார்ந்தே இவ்வூரின் வாழ்வு அமைந்திருக்கிறது.

கோடையின் இறுதியில் மலைமேல் இடி முழங்கி ஒரு பெருமழை பெய்தால் போதும். அன்றிரவே இவ்வூரின் வயல்களில் வேறொரு படை வந்து வீடு கொள்கிறது. முதலில் கேட்பது பெருந்தவளைகளின் கனத்த குரல். அதன் இடையிடையே சொறித்தேரைகளின் நீண்ட ஒலி. இவற்றுக்கெல்லாம் மேலாக, இடைவெளியின்றி, சீப்பின் பற்களின்மேல் நகத்தை வைத்து இழுப்பதுபோல் 'கிர்ர்ர்... கிர்ர்ர்' என்னும் ஓர் ஒலி பரவி நிற்கும். அவ்வொலியைச் சில்வண்டின் ஒலி என்றே நான் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். தமிழாசிரியன் ஒருவனுக்கு அது பெரிய குற்றம் இல்லைதான். ஆயினும் வாழைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என் பிழையை இரண்டே தொடர்களில் திருத்தினார்.

"சில்வண்டு மரத்துல கத்தும் சார், இது தண்ணியோரம் கத்துது. கிட்டப் போனா நின்னுடும், பாருங்க."

கிட்டப் போனோம். ஒலி நின்றது. கைவிளக்கை அணைத்துவிட்டு அசையாமல் நின்றோம். சிறிது நேரத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு குரல் எழுந்தது. உடனே நாற்புறமும் எதிரொலிபோல் மற்றவை தொடர்ந்தன. மீண்டும் விளக்கை ஏற்றி ஒலி வந்த இடத்தைத் தேடினோம். மாட்டின் குளம்பு பதிந்த தடம் ஒன்றில் மழைநீர் தேங்கியிருந்தது. அதன் விளிம்பில், சாய்ந்த புல்லின் அடியில், உடலின் பாதி நீரில் இருக்க அமர்ந்திருந்தது அந்த உயிர். தன் தலையைவிடப் பெரிதாகத் தொண்டை உப்பியிருந்தது. அவ்வளவு பெரிய ஒலி அவ்வளவு சிறிய உடலிலிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் கண்ட பின்னும் நம்ப இயலவில்லை.

உருவம்

இதனைக் குறுவாய்த் தவளை என்பர். அறிவியல் உலகில் இதன் பெயர் மைக்ரோஹைலா ஆர்னேட்டா. வளர்ந்த தவளையின் நீளம் ஏறத்தாழ இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். தலை சிறியது, கண்கள் சிறியன, வாய் குறுகியது. முக்கோணத்தின் முனைபோலக் கூர்ந்து முடியும் முகம். செவிப்பறை தோலுக்கு அடியில் மறைந்திருப்பதால் வெளியே தெரிவதில்லை. மண்நிறமான முதுகின்மேல், கண்களுக்கு இடையே தொடங்கிப் பின்புறம் நோக்கி விரிந்து செல்லும் கருநிறக் கோலம் ஒன்று உண்டு. 'அணி செய்யப்பெற்றது' எனப் பொருள்படும் ஆர்னேட்டா என்னும் பெயர் அக்கோலம் பற்றியே வந்தது. பேரினப் பெயரில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. மைக்ரோஹைலா என்றால் 'சிறு மரத்தவளை' என்று பொருள். சுவிட்சர்லாந்து நாட்டு இயற்கையியலாளர் சூடி 1838ஆம் ஆண்டு இப்பெயரை அமைத்தார். நம் குறுவாய்த் தவளையோ மரமேறுவதில்லை. தரையில் தத்தித் திரிவது.

இதன் உணவு பெரும்பாலும் எறும்பும் கறையானும். 'கொசுவைத் தின்னும், ஆதலால் காக்க வேண்டும்' என்று தவளைகளுக்காக வழக்கமாகச் சொல்லப்படும் பரிந்துரையை இதற்குச் சொல்லிவிட முடியாது. வறண்ட மாதங்களில் மண்வெடிப்புகளிலும் கற்களின் அடியிலும் சருகுகளுக்குள்ளும் ஒடுங்கிக் கிடக்கும். மழை பெய்ததும் வெளிவந்து, தேங்கிய நீரில் முட்டையிடும். முட்டைகள் ஒன்றுசேர்ந்து நீரின் மேற்பரப்பில் மெல்லிய ஏடுபோல் மிதக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே அவை பொரிந்துவிடும். இதன் தலைப்பிரட்டை ஏறத்தாழக் கண்ணாடிபோன்றது. அதன் உடலூடே குடலைப் பார்க்கலாம். மற்றத் தலைப்பிரட்டைகள் அடிமண்ணையும் பாசியையும் சுரண்டி உண்ணும்போது, இது வாலின் நுனியை மட்டும் அதிர்த்துக்கொண்டு நடுநீரில் தொங்கியபடி, நீரை உறிஞ்சி அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கிறது. சுரண்டுவதற்குரிய கொம்புப் பற்கள் அதன் வாயில் இல்லை. தேங்கிய நீர் வற்றுவதற்குள் கால் முளைத்துக் கரையேறிவிட வேண்டும் என்பதால் அதன் வளர்ச்சி விரைவானது. சில வாரங்களே அதற்குக் கிடைக்கும் காலம்.

மூடிய வாயின் குரல்

'தவளை தன் வாயால் கெடும்' என்பது நம் மக்களின் பழமொழி. தவளைக்கு 'நுணல்' என்னும் பழஞ்சொல்லும் உண்டு. அச்சொல்லை வைத்தும் இப்பழமொழி வழங்குகிறது. மறைவிடத்தில் பாதுகாப்பாக இருக்கும் உயிர், கத்துவதால் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துக்கொள்கிறது என்பதே அதன் கருத்து. இதனை உற்றுநோக்கியவர்கள் வயலில் வாழ்ந்தவர்கள் என்பதில் ஐயம் இல்லை.

உண்மையில் தவளை வாயைத் திறந்து கத்துவதில்லை. வாயையும் மூக்குத் துளைகளையும் மூடிக்கொண்டே குரல் எழுப்புகிறது. நுரையீரலிலிருந்து தள்ளப்படும் காற்று குரல்நாண்களை அதிரச் செய்து, தொண்டையின் கீழுள்ள குரற்பையை நிரப்புகிறது. பின்னர் அதே காற்று மீண்டும் நுரையீரலுக்குத் திரும்புகிறது. ஒரே மூச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு இது. கத்துவது ஆண் தவளை. அந்த உடலுக்கு அது பெரும் உழைப்பு. ஒரு தவளை தன் வாழ்நாளில் செய்யும் செயல்களுள் மிகுதியான ஆற்றலைச் செலவிட வைப்பவற்றுள் ஒன்று.

இவ்வுழைப்பு எதற்காக? இருளில் தன் இனத்துப் பெண் தவளைக்குத் தான் இருக்கும் இடத்தை அறிவிப்பதற்காக. பெண் தவளையின் உட்செவி தன் இனத்தின் குரலுக்கே சிறப்பாக இசைந்து அமைந்திருக்கிறது. குரலின் சுருதி, ஒரு குரலில் அடங்கிய துடிப்புகளின் எண்ணிக்கை, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையேயான கால அளவு ஆகியவற்றைக் கொண்டு, பலநூறு குரல்களுக்கு நடுவே தனக்குரியதை அது தேர்ந்துகொள்கிறது. நாம் சீப்பை இழுக்கும் ஒலி என்று கேட்பது, உண்மையில் சீப்பின் ஒவ்வொரு பல்லும்போல் தனித்தனியே எண்ணத்தக்க துடிப்புகளின் வரிசை. கைப்பேசியில் பதிவுசெய்து, ஒலியலையை வரைபடமாகக் காட்டும் செயலியில் இட்டுப் பார்த்தால் அத்துடிப்புகளை நாமே எண்ணலாம். ஒன்றை மறந்துவிடக் கூடாது: வெப்பம் கூடினால் துடிப்பின் வேகமும் கூடும். ஆகவே, வெப்பநிலையைக் குறிக்காத குரற்பதிவு பாதிப் பதிவே.

பழமொழியின் பக்கமும் உண்மை இருக்கிறது. மத்திய அமெரிக்காவின் பனாமா நாட்டில் தவளைகளைத் தின்னும் வெளவால் இனம் ஒன்று உண்டு. அது தவளையின் குரலைக் கேட்டே இருளில் இரையின்மேல் பாய்கிறது. மெர்லின் டட்டில், மைக்கேல் ரயான் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து 1981ஆம் ஆண்டு வெளியிட்டனர். அங்குள்ள துங்காரா என்னும் சிறுதவளையின் குரலில் இரு பகுதிகள் உண்டு: இழுத்துக் கூவும் முதற்பகுதி, அதன் இறுதியில் 'சக்' எனச் சேர்க்கும் பிற்பகுதி. பிற்பகுதியைச் சேர்த்துக் கத்தும் ஆணையே பெண் மிகுதியும் நாடுகிறது. அதே பகுதிதான் வெளவாலையும் மிகுதியாக ஈர்க்கிறது. சேர்த்தால் சாவு வரலாம். சேர்க்காவிட்டால் வழிமரபு இல்லாமல் போகலாம். ஒவ்வோர் இரவும் அத்தவளை இவ்விரண்டுக்கும் நடுவே நின்று குரல் எழுப்புகிறது. நம் பழமொழி இக்கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

குரலால் தவளையைக் குறிக்கும் வழக்கம் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. குறுந்தொகைப் பாடல் ஒன்றில், மலைச்சுனையில் வாழும் தேரையின் ஒலிக்கு உவமையாகத் தட்டை என்னும் கருவியின் ஒலி கூறப்படுகிறது. தட்டை என்பது தினைப்புனம் காப்போர் கிளிகளை ஓட்டுவதற்குப் பயன்படுத்திய கருவி. மூங்கிலைப் பிளந்து செய்யப்பட்டது அது. அதன் ஒலி ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டித் தட்டி எழுவது. 'கத்தியது' என்று பொதுவாகச் சொல்லாமல், ஒலியின் அமைப்பையே உவமையாக்கிய அப்புலவரின் செவி கூர்மையானது. சீப்பு என்னும் நம் உவமையும் அதே முறையில் அமைந்ததுதான்.

ஒரு பெயருக்குள் பல உயிர்கள்

அதே சீப்பு உவமையைக் கடல்கடந்த நாடொன்றிலும் காண்கிறோம். வட அமெரிக்காவில் சூடாக்ரிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிறுதவளைகள் உள்ளன. பனிக்காலம் முழுவதும் விலகாத முன்வேனிலில், நீரின் ஓரத்தில் இன்னும் பனிக்கட்டி ஒட்டியிருக்கும்போதே அவை கூட்டமாகக் குரல் எழுப்பத் தொடங்கிவிடும். அதனால் கூட்டிசைத் தவளைகள் என்று பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகின்றன. அவற்றுள் மேற்குக் கூட்டிசைத் தவளையின் குரலை அந்நாட்டுக் கையேடுகளும் சீப்பின் பற்களை விரலால் இழுக்கும் ஒலி என்றே விளக்குகின்றன. அவை நம் குறுவாய்த் தவளைக்கு நெருங்கிய உறவு அல்ல, குடும்பமே வேறு. ஆயினும் இவ்விரு வகைகளின் வரலாற்றில் வியப்பான ஓர் ஒற்றுமை இருக்கிறது.

பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததால், அமெரிக்காவின் பெரும்பகுதியில் வாழும் கூட்டிசைத் தவளைகள் ஓரினமாகவும் அதன் உட்பிரிவுகளாகவும் நெடுங்காலம் கருதப்பட்டன. குரலையும் மரபணுவையும் ஒப்பிட்ட பின்னரே அவை தனித்தனி இனங்கள் என்று தெளிவாயிற்று. நியூ ஜெர்சி முதலிய கிழக்குக் கடற்கரைச் சமவெளியில் மட்டும் வாழும் சிறு இனம் ஒன்றும் அவற்றுள் அடங்கும். தென்கிழக்குப் பகுதியில் இரண்டு இனங்கள் ஒரே நீர்நிலையைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இன்னொரு செய்தியையும் ஆய்வாளர் கண்டனர். தனித்தனியே வாழும் இடங்களில் ஓரளவு ஒத்திருக்கும் குரல்கள், சேர்ந்து வாழும் இடங்களில் துடிப்பின் எண்ணிக்கையால் வேறுபட்டு விலகி நிற்கின்றன. பெண் தவளை இனம் மாறிச் சென்றுவிடாதிருக்க, குரலே வேலியாகிறது.

இனி நம் பக்கம் வருவோம். 1841ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர்கள் துமேரில், பிப்ரோன் ஆகியோர் மலபார்க் கடற்கரையிலிருந்து கிடைத்த தவளையைக் கொண்டு ஆர்னேட்டா என்னும் இனத்தை விவரித்தனர். அதன்பின் இந்தியா முதல் சீனா, ஜப்பான் வரை எங்கே முதுகில் கோலமிட்ட சிறுதவளை கிடைத்தாலும் அதற்கு அப்பெயரே சூட்டப்பட்டது. 2005ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் மட்சுயியும் அவர்தம் குழுவினரும் மரபணுக்களை ஒப்பிட்டு, அப்பெயருக்குள் குறைந்தது மூன்று இனங்கள் இருப்பதைக் காட்டினர். சீனா, தாய்லாந்து முதலிய நாடுகளில் வாழ்வது ஒன்று. ஜப்பானின் தென்தீவுகளில் வாழ்வது மற்றொன்று. ஆர்னேட்டா என்னும் பெயர் தெற்காசியத் தவளைக்கே உரியது. அடுத்த பத்தாண்டுக்குள் வங்கதேசத்திலிருந்து மேலும் சில இனங்கள் பிரித்தறியப்பட்டன. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெயர் ஒரு கண்டத்தின் பாதியை மூடிக்கொண்டிருந்தது.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது செந்நிறக் குறுவாய்த் தவளை. சென்னை மாகாணப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதனை விவரித்தார். மணற்பாங்கான நிலத்தில் பின்காலால் மண்ணைத் தோண்டிப் புதையும் இயல்புடையது அது. இலங்கையிலும் அதே இனம் வாழ்வதாகவே நூல்கள் எழுதிவந்தன. 2016ஆம் ஆண்டு இலங்கை, இந்திய ஆய்வாளர்கள் உருவம், குரல், மரபணு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, இலங்கையில் வாழ்வது வேறோர் இனம் என்று நிறுவினர். மிகிந்தலை என்னும் பழம்பெரும் ஊரின் பெயரை அதற்கு வைத்தனர். பாக் நீரிணையின் இரு கரைகளிலும் வயலோரம் கேட்ட குரல்கள் ஒரே இனத்துக்குரியவை அல்ல என்பதை நாம் அறிந்துகொள்ள அத்தனை காலம் ஆயிற்று.

அதே 2016ஆம் ஆண்டு, கருநாடகத்தின் மணிப்பால் பகுதியிலிருந்து ஏறத்தாழ 1.6 சென்டிமீட்டர் நீளமே உள்ள புதிய குறுவாய்த் தவளை ஒன்று அறிவிக்கப்பட்டது. செம்பாறை நிலத்தில் வாழ்வதால் 'லேட்டரைட்' என்பதே அதன் இனப்பெயராயிற்று. அது யாரும் செல்லாத அடர்காட்டில் ஒளிந்திருக்கவில்லை. மக்கள் குடியிருக்கும் பகுதிக்கு அருகிலேயே இருந்தது. அதன் குரல் சில்வண்டின் குரலைப் போன்று இருந்தமையால் எவரும் பொருட்படுத்தவில்லை. (அதைப் படித்தபோது படவேட்டுத் தோட்டத்தில் நான் செய்த பிழை நினைவுக்கு வந்து, சிறிது ஆறுதலும் அடைந்தேன்.) அது வாழும் செம்பாறை வெளியோ அரசு ஆவணங்களில் பெரும்பாலும் தரிசு எனக் குறிக்கப்படும் நிலம். இரண்டாண்டுகள் கழித்து, மங்களூரில் முன்பு மரக்கட்டைகள் குவித்துவைக்கப்பட்ட இடமொன்றிலிருந்து இன்னோர் இனம் கண்டறியப்பட்டது. 2019ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோனாலி கார்க், பிஜு முதலியோர் தெற்காசியக் குறுவாய்த் தவளைகள் அனைத்தையும் மேற்கூறிய மூன்று முறைகளாலும் மீளாய்வு செய்து வெளியிட்டனர்.

பெருந்தவளைகளின் நிலை வேறு. அவற்றின் கால்கள் வெளிநாட்டு உணவுக்காகப் பெருமளவில் ஏற்றுமதி செய்யப்பட்டன. அதனால் அவை எண்ணப்பட்டன, பேசப்பட்டன. இறுதியில் 1987ஆம் ஆண்டு இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது. விற்பதற்கு ஒன்றும் இல்லாத சிறுதவளையை யார் எண்ணுவார்?

கனடாவில் ஓர் ஆணை

எண்ணிய நாடு ஒன்று உண்டு. மேலே கூறிய மேற்குக் கூட்டிசைத் தவளையின் கனடா நாட்டுக் கூட்டங்களுள் பெரிய ஏரிகளையும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றையும் ஒட்டி வாழ்வது 2010ஆம் ஆண்டு, அழிவை எதிர்நோக்கும் உயிராக அந்நாட்டுச் சட்டத்தின்கீழ்ச் சேர்க்கப்பட்டது. மான்ட்ரியல் நகருக்கு அருகில் லா பிரேரி என்னும் பகுதியில் அத்தவளைகள் முட்டையிடும் தேங்குநீர் நிலங்களின்மேல் புதிய குடியிருப்புகள் எழத் தொடங்கின. 2016ஆம் ஆண்டு கனடா அரசு அவசர ஆணை பிறப்பித்து, ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலத்தைத் தோண்டுவதையும் நீரை வடிப்பதையும் தடைசெய்தது. கட்டுமான நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. ஆணை செல்லும் என்றே நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. 2021ஆம் ஆண்டு லாங்கேய் நகரில் சாலைப் பணி ஒன்றைத் தடுத்து மீண்டும் ஓர் அவசர ஆணை வந்தது.

மூன்று சென்டிமீட்டரைப் பெரும்பாலும் எட்டாத உயிருக்காக வீடுகளையும் சாலையையும் நிறுத்துவது சரியா என்று நம்மில் சிலர் கேட்கலாம். அங்கும் அக்கேள்வி எழுந்தது. வீடில்லாதவனுக்கு வீடு வேண்டும் என்பதும் நியாயமே. நான் இங்கே சுட்ட விரும்புவது வேறு. அந்நாட்டில் அவ்வழக்கு நடப்பதற்கேனும் இடம் இருந்தது. எந்த நீர்நிலையில், எந்த ஆண்டில், எத்தனை தவளைகள் குரல் எழுப்பின என்பதை முன்வேனில்தோறும் செவியால் கேட்டுக் குறித்துவைத்த பதிவுகள் அவர்களிடம் இருந்தன. அவ்வாறு குறிப்பதற்கு வட அமெரிக்காவில் எளிய அளவுமுறை ஒன்றைப் பின்பற்றுகின்றனர். குரல்களைத் தனித்தனியே எண்ண முடிந்தால் 1. குரல்கள் இடையிடையே ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் ஓரளவு எண்ண முடிந்தால் 2. எண்ண முடியாதவாறு தொடர்ந்து ஒலிக்கும் முழுக் கூட்டிசை என்றால் 3. ஒரு தாளும் எழுதுகோலும் பொறுமையும் உள்ள எவரும் செய்யத்தக்க பணி இது.

தேங்கிய நீர்

உலகில் நீர்நில வாழ்விகளின் நிலையைப் பற்றி 2023ஆம் ஆண்டு வெளியான மதிப்பீடு ஏறத்தாழ 8,000 இனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளன. பறவைகளோ பாலூட்டிகளோ அந்த அளவு ஆபத்தில் இல்லை. நம் குறுவாய்த் தவளை ஆர்னேட்டா அந்த 41 விழுக்காட்டில் அடங்குவதன்று. இன்றும் பரவலாக வாழ்வது. ஆயினும் பரவலாக இருப்பதும் ஊரில் இருப்பதும் ஒன்றல்ல. ஓர் ஊரின் தேங்குநீர் போனால், அவ்வூர்த் தவளைக்கு உலகம் முழுவதும் நீர் இருந்து என்ன பயன்?

அதற்குத் தேவைப்படுவது ஏரியன்று. ஏரியில் மீன் இருக்கும். மீன் முட்டையைத் தின்னும். மீன் வாழ இயலாத, சில வாரங்களில் வற்றிவிடும் ஆழமற்ற நீரே அதற்கு ஏற்றது. வயலின் மூலை, வரப்போரப் பள்ளம், சாலையோரக் குழி, மாட்டின் குளம்புத்தடம் முதலியவையே அதன் உலகம். இவற்றுள் எதற்கும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெயர் இல்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறிய தோட்டத்தில் நீர் தேங்குவதில்லை. தேங்கினாலும், களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் முதல் மழையோடு கலந்து வந்து சேருமிடமும் அதே பள்ளம்தான். தவளையின் தோல் நீரையும் காற்றையும் உள்ளே விடும் மெல்லிய தோல். நஞ்சையும் அது தடுப்பதில்லை.

முதியவரும் நானும் நின்ற அந்தத் தோட்டத்தோரப் பள்ளம் இன்று இல்லை. இரண்டாண்டுகள் கழித்துக் கட்டட இடிபாடுகளைக் கொட்டி அதனை நிரப்பினார்கள். இப்போது அங்கே வண்டிகள் நிற்கின்றன. நிரப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர். பள்ளத்தில் கொசு மிகும் என்றார்கள். திருவிழாக் கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்றார்கள். இரண்டும் உண்மையே. நான் அருகில் நின்றும் ஒன்றும் சொல்லவில்லை. 'அங்கே என்ன இருந்தது, சொல்லுங்கள்' என்று எவரேனும் கேட்டிருந்தால், ஓர் இரவில் கேட்ட ஒலியைத் தவிர, எழுத்தில் எடுத்துக்காட்ட என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

அதன்பின் பள்ளி மாணவர் சிலரும் நானும் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். பெரிய முயற்சியன்று. மழை பெய்த நாளின் மாலையில், வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு தேங்குநீரின் கரையில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். எதையும் பிடிக்கக் கூடாது. நாள், நேரம், இடம், வெப்பநிலை, மழை நின்று எத்தனை மணி நேரம் ஆயிற்று, குரலின் அளவு 1, 2, 3 என எழுத வேண்டும். இனப்பெயர் தெரியாவிட்டால் ஒலியை உவமையால் குறிக்கலாம் என்று விதி வகுத்தோம். அவ்விதியால் கிடைத்தவை சுவையானவை: 'தகரத்தில் கல் விழுந்த மாதிரி', 'பாட்டி செருமுவது', 'சைக்கிள் சங்கிலி', 'சீப்பு'. உவமைகளைப் படித்தே எது எந்தத் தவளை என ஓரளவு கண்டுகொள்ள முடிந்தது. பெரிய கருவிகள் இல்லாத குறையை நல்ல செவிகள் ஓரளவு ஈடுசெய்தன.

இதே ஜவ்வாது மலையின்மேல் காவலூரில் வானாய்வகம் ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 1988ஆம் ஆண்டு அங்கிருந்து ஒரு சிறுகோள் கண்டறியப்பட்டு, கணித மேதை இராமானுசனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நகர ஒளி எட்டாத இருளும், இரவுதோறும் ஒரே இடத்தை நோக்கிக் காத்திருக்கும் பழக்கமும் அதற்கு வேண்டியிருந்தன. மலையடிவாரத்தில் எங்கள் குறிப்பேட்டுக்கும் வேண்டியிருந்தவை அவையே. தொலைநோக்கி மட்டும் இல்லை.

அக்குறிப்பேட்டின் பக்கம் ஒன்று இப்போது என் முன் இருக்கிறது. ஐப்பசி மழைக்குப்பின் ஒரு மாணவி எழுதியது. இடம்: வாழைத்தோப்புக்குப் பின்புறம், சாலையோரக் குழி. நேரம்: இரவு 7.40. குரல்: 'இல்லை' என்று முதலில் எழுதியிருக்கிறாள். பின்னர் அச்சொல்லை ஒரு கோட்டால் அடித்து, அதன் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: 'நாங்கள் பேசிக்கொண்டு வந்ததால் நின்றிருந்தது. அசையாமல் நின்ற பின் 7.52க்குத் தொடங்கியது. சீப்பு. அளவு 3.'

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் மழைக்குப்பின் கேட்கும் தவளை ஒலிகளை மூன்று மாலைகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்வில் பழகிய ஒலி ஒன்றை உவமையாக்கி எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக. ஒரே ஒலிக்கு வெவ்வேறு மாணவர் தரும் உவமைகளை ஒப்பிட்டு, ஒலியின் எந்தக் கூற்றை ஒவ்வோர் உவமையும் பற்றியது எனக் கலந்துரையாடுக.

உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியோரிடம் தவளை வகைகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டுத் தொகுக்க. அப்பெயர்கள் உருவத்தால் வந்தவையா, நிறத்தால் வந்தவையா, குரலால் வந்தவையா எனப் பிரித்து எழுதுக.